பதினாலாம் நம்பர் மலையில் தேன் பருந்து

பதினாலாம் நம்பர் மலையில் அன்று காலை பதினொரு பெண்கள் இருந்தார்கள். அவர்களுக்கு மேல் நிரையில் கங்காணி இருந்தார். பதினொருவரில் ஒருவர் என் அண்ணி. அம்மா இல்லை, சீனி வருத்தத்துக்கு மருந்தெடுக்க லிந்துலைக்குக் கிளினிக் போயிருந்தார். அண்ணன் இல்லை, அவர் கொழும்பில் இரும்புக் கடையொன்றில் நிற்கிறார், தீபாவளிக்கும் சித்திரை வருஷத்துக்கும்தான் வருவார். மலைவேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா வரவேண்டிய நேரம், வரவில்லை. நான் இருந்தேன். ஆனால் மலையில் இல்லை. மேலே ரோட்டோர மதகில், கழுத்தில் பைனாகுலரோடு உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் பேச்சில் மலை என்றால் தேயிலை நிற்கிற ஒரு துண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். பதினாலு, ஓடையை ஒட்டிய சரிவு. அதன் தலைமாட்டில் வெள்ளைக்காரன் காலத்து டர்பன்டைன் மரங்கள் நாலு நிற்கின்றன. உயரமான மரத்தின் கிளையில், கறுத்த முறத்தைக் கட்டித் தொங்கவிட்டதுபோல ஒரு கூடு. எங்கள் ஆட்கள் அதைக் குளவிக்கூடு என்பார்கள். உண்மையில் அது மலைத்தேனீ. இந்தத் திருத்தத்தை நான் பலரிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். கொட்டுப்பட்டவர்கள் யாரும் அதற்காக எனக்கு நன்றி சொன்னதில்லை.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். பல்கலைக்கழகத்தில் உயிரியல், இரண்டாம் வருடம். வேலைநிறுத்தம் ஒன்றால் வகுப்புகள் நின்று, மாசியும் பங்குனியும் வீட்டில் இருக்க வேண்டியதாயிற்று. புறப்படும்போது விரிவுரையாளர் ஒருவர் கூப்பிட்டு, வெயில் காலத்தில் உங்கள் ஊரில் காணும் பறவைகளையும் வண்ணத்துப்பூச்சிகளையும் நாள் தவறாமல் எழுதி வாருங்கள் என்றார். தேயிலைத் தோட்டங்களுக்குள்ளிருந்து தங்களிடம் குறிப்பே இல்லை என்றும் சொன்னார். கையெழுத்து வாங்கிக்கொண்டு பைனாகுலர் ஒன்றும் பழைய கமெரா ஒன்றும் தந்தார். படிப்புக்காக ஊரை விட்டுப் போனவனிடம் படிப்பே ஊரைக் கேட்டது. பஸ்ஸில் ஹட்டன் வரைக்கும் அந்தப் பையை மடியிலிருந்து இறக்கவில்லை.

மாசி எங்கள் பக்கத்தில் கெட்ட மாதம். இரவில் உறைபனி, பகலில் காய்கிற வெயில். விடியும்போது கொழுந்து வெந்த கீரை மாதிரிக் கறுத்திருக்கும். பெண்களுக்குக் கையில் ஒன்றும் அகப்படாது. ஆனால் என் குறிப்புக் கொப்பிக்கு அது நல்ல மாதமாக இருந்தது. அப்போதே அது எனக்கு உறுத்தியிருக்க வேண்டும்.

தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் சாம்பல் வாலாட்டி ஒன்று. அடிவயிறு மஞ்சள். பெண்கள் குடத்தை வைக்கும் கல்லில் வாலை ஆட்டியபடி நிற்கும், குடம் வந்தால் அடுத்த கல்லுக்குப் போகும். ஐப்பசியில் எங்கிருந்தோ வந்து சித்திரைக்கு முன்னால் திரும்பிப் போகிற விருந்தாளி அது. கோவிலுக்குப் பின்னால் கொய்யாப் புதரில் ஆறுமணிக்குருவி. பதினெட்டு நாள் சத்தம் மட்டும் கேட்டு, பத்தொன்பதாம் நாள் கண்ணால் கண்டேன். வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விடும் பிள்ளைக் காம்பராவில், தொட்டில்களுக்கு மேலே எரியாத பல்ப்பின் மீது தகைவிலான் ஜோடி மண்கூடு கட்டிக்கொண்டிருந்தது. அண்ணியின் மகள், மூன்று வயது, மற்றப் பிள்ளைகள் தூங்கும்போது அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பாள். ஆயா அதைக் கம்பால் தட்டிவிடப் போனபோது நான் போய்த் தடுத்தேன்.

வண்ணத்துப்பூச்சிகளைச் சொல்ல வேண்டும். பங்குனி முதல் வாரத்தில் மஞ்சளும் வெள்ளையுமாக அவை வரத் தொடங்கின. ஒன்றிரண்டாக அல்ல. ரோட்டைக் குறுக்காகக் கடந்து, தேயிலைக்கு ஒரு முழம் மேலே, எல்லாம் ஒரே பக்கமாக, மேற்கே. கால் மணி நேரம் கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன், இருநூற்றுப் பன்னிரண்டு. பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். சிவனொளிபாதத்துக்குச் சாமி பார்க்கப் போகுது என்பார்கள். சிங்களவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். அங்கே போய் மலையில் மோதிச் சாகும் என்று நம்பிக்கை. சாகிறதா என்று எனக்குத் தெரியாது. திரும்பி வந்த ஒன்றையும் நான் பார்த்ததில்லை.

காலையில் பெரட்டுக் களத்தைத் தாண்டித்தான் போவேன். எந்த ஆள் எந்த மலைக்கு என்று பிரித்துவிடும் இடம் அது. என்னைக் கண்டால் பெண்களுக்குக் கொண்டாட்டம்.

"என்ன தம்பி, குருவிக்குப் பொண்ணு பார்த்தாச்சா?"

"பார்த்தாச்சுங்க. ஜாதகம்தான் பொருந்தல."

"காக்கா எத்தனைன்னு எழுதிட்டீங்களா? எங்க வீட்டுக் கூரையில ஒன்னு ஒக்காந்துச்சு, அத விட்டுறாதீங்க."

அண்ணி மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "சிரிங்க சிரிங்க. நாளைக்கு எங்க தம்பி டாக்டராகி வரும்போது மருந்துக்கு லைன்ல நிப்பீங்க" என்பார். குருவி எண்ணுகிறவன் அந்த டாக்டர் ஆவதில்லை என்று ஒருமுறை விளக்கினேன். "அதெல்லாம் அவங்களுக்கு எதுக்குத் தம்பி" என்றார்.

பருந்தைக் கண்ட முதல் நாள், செவ்வாய்க்கிழமை. மதியச் சோறு முடிந்த நேரம். மதகில் உட்கார்ந்து பூச்சிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவன், மேலே நிழல் ஒன்று போவதைக் கண்டேன். நீண்ட கழுத்து, சின்னத் தலை, அகன்ற இறக்கை. டர்பன்டைன் மரத்தைச் சுற்றி இரண்டு வட்டம் போட்டுவிட்டு, நேராகக் கூட்டில் போய் விழுந்தது. ஒரு துண்டு அடையைப் பிய்த்துக்கொண்டு எழும்பியது. தேன் பருந்து. புத்தகத்தில் படம் பார்த்திருக்கிறேனே தவிர நேரில் கண்டதில்லை. கமெரா உறையைத் திறப்பதற்குள் அது ஓடைக்கு அப்பால் போய்விட்டது.

நல்லவேளை, அன்று பெண்கள் கீழ் முனையில் நின்றார்கள். "பிராந்து! பிராந்து!" என்று யாரோ சொன்னது கேட்டது. எங்கள் பேச்சில் பருந்து பிராந்துதான். யாரும் ஓடவில்லை. சேலைத் தலைப்பை வாயில் கவ்விக்கொண்டு, பைகளை முதுகில் இழுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் ஓடைப்பக்கம் இறங்கிவிட்டார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

நான் அன்று கொப்பியில் அரைப் பக்கம் எழுதினேன்.

மறுநாள் பெரட்டில் சண்டை. பிராந்து விழுந்த மலைக்கு மூன்று நாள் யாரும் இறங்குவதில்லை என்பது எங்கள் தோட்டத்துப் பெண்களின் வழக்கம். யார் வைத்த வழக்கம் என்று தெரியாது. எங்கேயும் எழுதி வைத்ததில்லை. கங்காணிக்கு அது தெரியும். ஆனால் பனி கருக்கிய பிறகு கொழுந்து நிற்கிற மலை அந்தப் பதினாலு ஒன்றுதான். ஓடை ஈரமும் மர நிழலும் அதைக் காப்பாற்றியிருந்தன. வேறு மலைக்குப் போனால் பதினெட்டுக் கிலோ வராது. பதினெட்டு வராவிட்டால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாரும் இத்தனை ரூபா சம்பாதித்தேன் என்று சொல்வதில்லை. இந்த மாதம் எத்தனை பேர் விழுந்தது என்றுதான் கேட்பார்கள். அண்ணிக்கு அந்த மாதம் ஏற்கனவே ஐந்து அரைப் பேர் விழுந்திருந்தது.

"ரெண்டு நாளு பொறுங்க கங்காணி. உசிர வச்சுக்கிட்டுப் பறிச்சாத்தானே பேரு" என்றார் ஒரு அக்கா. எங்கள் லயத்தில் கடைசிக் காம்பராக்காரர். முன்னொரு முறை கொட்டுப்பட்டதில் இடது கண்ணிமை இன்னும் முழுதாகத் திறக்காது. அவர் வாய்க்குக் கண்டாக்கு ஐயாவே பயம்.

"ரெண்டு நாள்ல கொழுந்து முத்திரும் புள்ள. ஐயாவுக்கு நான் என்ன பதில் சொல்ல?" என்று தலையைச் சொறிந்த கங்காணி, களத்தைக் கடந்துகொண்டிருந்த என்னைக் கண்டார். "தம்பி, இங்க வாங்க. நீங்க இதத்தானே படிக்கிறீங்க. நேத்து வந்தது மறுபடி வருமா, வராதா?"

நாற்பது ஐம்பது பேர் என்னைப் பார்த்தார்கள். அந்தக் களத்தில் என் அம்மா இருபத்தெட்டு வருடம் நின்றிருக்கிறார். ஒருநாளும் அவரிடம் யாரும் ஒரு விஷயம் கேட்டதில்லை. இதை நான் காரணமாகச் சொல்லவில்லை. அப்போது எனக்குள் இருந்தது என்ன என்று சொல்கிறேன்.

"அது தேன் பருந்துங்க" என்றேன். "குளவியோட எதிரி அது. அடையப் பிச்சுத் தின்னுரும். கூடு கலைஞ்சா பூச்சி தானா வேற எடம் போயிரும். அது வர்றது நமக்கு நல்லதுதான். பயப்பட ஒன்னுமில்லைங்க."

அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"பிராந்து தின்னுட்டுப் போயிரும். சரி. தின்னது போக மிச்சம் இருக்குமே, அந்தக் குளவிக்கு யாரு தம்பி சோறு போடுறது? நாங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "அக்கா, இது புத்தகத்துல இருக்குங்க" என்றேன்.

"அப்ப அந்தப் புத்தகத்த மரத்துல கட்டி விடுங்க."

அப்போதுதான் அண்ணி படங்கை இடுப்பில் சுற்றி இறுக்கிக்கொண்டு, பையைத் தலையில் மாட்டினார். படங்கு என்பது தேயிலைச் செடி கிழிக்காமல் இருக்க முன்னால் கட்டுகிற தடித்த றப்பர் சீட்டு. "எங்க தம்பி சொன்னா சரியாத்தான் இருக்கும். வர்றவங்க வாங்க" என்று முதல் ஆளாக நடந்தார். ஒருவர் பின் ஒருவராக, பதினாலுக்குப் பிரித்த மற்றவர்களும் போனார்கள். கடைசியில் அக்காவும் போனார். தனியே நின்று அவர் என்ன செய்வார்?

புதன்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. பருந்து வரவில்லை. பதினொருவருக்கும் முழுப் பேர். மாலையில் நிறுவை முடிந்து வரும்போது கங்காணி என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அக்கா என்னைப் பார்த்து, "இன்னைக்குப் பரீட்சையில நீங்க பாஸு" என்றார். அண்ணி இரவு அண்ணனிடம் வெகு நேரம் போன் பேசினார். என்ன பேசினார் என்று அப்போது எனக்குத் தெரியாது.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கொஞ்சம் பிந்தி அது வந்தது.

மதகில் நான் தயாராக இருந்தேன். அதைச் சொல்லத்தான் வேண்டும். வெயில் ஏறினால் வரும் என்று கணித்து, கமெராவை உறையிலிருந்து எடுத்து வைத்திருந்தேன். ஓடைக்கு அப்பாலிருந்து எழும்பி வட்டம் போடத் தொடங்கியது. ஒன்று. கீழே பெண்கள் மரத்துக்கு நேர் அடியில் குனிந்திருந்தார்கள். அவர்களுக்கு மேலே கிளை மறைத்தது. இரண்டு. அந்த இரண்டு வட்டத்துக்கு அரை நிமிடம் பிடித்திருக்கும். அந்த அரை நிமிடமும் நான் கமெராவுக்குப் பின்னால் ஒரு கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். எழுந்து நின்று ஒரு கூப்பாடு போட்டிருந்தால் கேட்கிற தூரம்.

கூடு கலைந்த சத்தம் ரோட்டுக்குக் கேட்டது. எண்ணெயில் ஈரம் பட்டதுபோல. பிறகு பெண்களின் சத்தம். பிறகு அதுவும் இல்லை. கொட்ட வந்தால் ஓடக்கூடாது, பையைப் போட்டுவிட்டு, செடிக்கு அடியில் புகுந்து, படங்கைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு அசையாமல் கிடக்க வேண்டும். எல்லோருக்கும் இது தெரியும். பதினொருவரும் அப்படித்தான் கிடந்தார்கள். மேலேயிருந்து பார்த்தால் பச்சைச் செடிகளுக்கு நடுவில் நீலமும் மஞ்சளுமாகப் படங்குகள். அந்த நேரத்திலும் மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் மலையைக் கடந்து மேற்கே போய்க்கொண்டிருந்தன.

நான் கத்திக்கொண்டே குறுக்குப் பாதையில் இறங்கினேன். பாதி வழியில், ஒருவர் எழுந்து நிற்பதைக் கண்டேன்.

ஏன் எழுந்தார் என்பதைப் பிறகு அக்காதான் சொன்னார். அவர் பக்கத்துச் செடிக்கு அடியில் கிடந்தவர்.

"கொஞ்சம் அடங்குன மாதிரி இருந்துச்சு தம்பி. அவ பை மேல் நெரையில சரிஞ்சு கெடந்துச்சு. கொழுந்து கொட்டி ஓடைப்பக்கம் உருண்டுக்கிட்டு இருந்துச்சு. கெட புள்ள, கெட புள்ளன்னு படங்கப் புடிச்சு இழுத்தேன். 'பேரு போயிரும்க்கா, ஒரு நிமிசம்'ன்னா. படங்கு என் கையிலயே வந்துருச்சு."

படங்கு இல்லாமல் அண்ணி மூன்று நிரை ஏறினார். பையைப் பிடித்தார். வாயை முறுக்கிக் கட்டினார். அதற்குள் தேனீ மொய்த்துத் தலை தெரியவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது பையைக் கட்டிப்பிடித்துக் கொண்டு, அதன் மேல் குப்புறக் கிடந்தார். கங்காணி எங்கிருந்தோ சாக்கைக் கொண்டுவந்து எங்கள் இருவர் மேலும் போட்டார். சாக்குக்குள் அண்ணி "தம்பி" என்றாரா, "தண்ணி" என்றாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நான் "இருக்கேன் அண்ணி" என்றேன். எனக்கு ஏழு கொட்டு.

கொழுந்து லொறியில்தான் கொண்டு போனோம். பறித்த கொழுந்தின் மேலேயே படுக்க வைத்தோம். கிளினிக் வரிசையில் மருந்துத் துண்டோடு நின்ற அம்மா, லொறியிலிருந்து இறக்குவதைப் பார்த்து யாருக்கோ என்றுதான் நினைத்தாராம். முகம் அப்படி வீங்கியிருந்தது. வளையலைப் பார்த்துத்தான் அடையாளம் கண்டார். டாக்டர்மார் ஓடி ஓடிச் செய்தார்கள். பகல் ஒரு மணிக்கு முன்னால் முடிந்துவிட்டது. மற்றப் பத்துப் பேரில் ஆறு பேர் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பினார்கள்.

அண்ணன் கடைசி ரயிலைத் தவறவிட்டு, பஸ் மாறி மாறி மறுநாள் விடிய வந்து சேர்ந்தார். பையைக்கூட இறக்காமல் என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"நீ எங்கடா இருந்த?"

"மேல ரோட்டுல."

தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்.

காரியம் முடிந்த அன்று, பந்தலுக்காக நட்ட கம்புகளை நாங்கள் இருவரும் பிடுங்கிக்கொண்டிருந்தோம். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"அண்ணே, போகச் சொன்னது நான்தான். பெரட்டுல எல்லாருக்கும் முன்னால."

"தெரியும்" என்றார். கம்பில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். "புதன்கிழம ராத்திரி போன்ல சொன்னா. 'தம்பி பேசுனப்ப கங்காணியே வாயத் தொறக்கல, நான்தான் மொத ஆளாப் போனேன்'னு. அத்தன சந்தோஷம் அவளுக்கு."

பிறகு இருவரும் மிச்சக் கம்புகளைப் பிடுங்கினோம்.

தேடி வாசித்துவிட்டேன். தேன் பருந்து ஒரு கூட்டைக் கண்டுவிட்டால் அதில் தின்ன ஏதாவது இருக்கும்வரை திரும்பத் திரும்ப வரும். ஒருமுறை கலைக்கப்பட்ட தேனீக்கள் நாட்கணக்கில் ஆத்திரத்தோடு இருக்கும். புத்தகத்தில் இதெல்லாம் இருந்தது. நான் படம் இருந்த பக்கத்தை மட்டும் வாசித்திருந்தேன். பெண்களின் மூன்று நாள் கணக்கு எந்தப் புத்தகத்திலும் இல்லை. இருந்திருந்தால் நம்பியிருப்பேன்.

கமெராவில் ஒரே ஒரு படம் இருக்கிறது. பருந்து மிகத் தெளிவு. இறக்கை நுனியின் ஆறு விரல்களையும் எண்ணலாம். கீழ் ஓரத்தில் கலங்கலாகச் சில நிறங்கள் தெரியும். எத்தனை என்று நான் எண்ணியதில்லை. கொப்பியைக் கையளித்தபோது விரிவுரையாளர் அந்தப் படத்தை மட்டும் வெகு நேரம் பார்த்து, "அருமையான பதிவு" என்றார். 

இப்போது விடுமுறைக்குப் போனால் அக்கா பெரட்டுக்குப் போகும் வழியில் எங்கள் வாசலில் நின்று கேட்பார், "இன்னைக்கு வந்துச்சா?" அதில் கேலி இல்லை. அவர் இறங்கும் மலைக்கு மேலே போய் நான் நிற்பேன். கமெரா கொண்டு போவதில்லை. விசில் ஒன்று வாங்கியிருக்கிறேன். மஞ்சள் பூச்சிகளை எண்ணுவதில்லை. தகைவிலான் குஞ்சு பொரித்துப் போய்விட்டது. கூட்டை ஆயா தட்டவில்லை. கீழே படுத்துக்கொண்டு அண்ணியின் மகள் அதைத்தான் பார்க்கிறாள், அம்மா எங்கே என்று கேட்பதை நிறுத்திவிட்டாள்.

அந்த மாதக் கடைசியில் அண்ணியின் சம்பளத் துண்டைக் கங்காணியே வீட்டுக்குக் கொண்டுவந்தார். அண்ணன்தான் வாங்கிப் பார்த்தார். வியாழக்கிழமைக்கு நேராக அரை என்று இருந்தது. பகல் நிறுவைக்கு முன்னாலேயே மலை கலைந்துவிட்டதால், அன்று பதினொரு பேருக்கும் அரைப் பேர்தானாம். அண்ணி கட்டிப்பிடித்துக் கிடந்த பையைப் பிறகு நிறுத்தார்களா என்று அண்ணன் கேட்டார். அந்தக் கொழுந்து லொறியில் அண்ணியைப் படுக்க வைக்கக் கொட்டியதோடு சேர்ந்துவிட்டது என்றார் கங்காணி, நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

முழுப் பேருக்கும் அரைப் பேருக்கும் உள்ள வித்தியாசம் அறுநூற்று எழுபத்தைந்து ரூபா.